துருப்பிடித்த காருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்? – பட்டறைக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. கிட்டத்தட்ட எல்லாருடைய காருக்கும் 20 வயது தாண்டிவிட்டது. பலர் பட்டறையில் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள். அது நல்ல பழக்கம். தாளைப் பார்த்தால்தான் எது தேவை, எது தேவையில்லை என்று சொல்ல முடிகிறது.

கேள்வி: எங்களுடையது 1998 புரோட்டான் வீரா 1.5, மேனுவல் கியர். அப்பா வாங்கிய கார். தினமும் தோட்டத்திலிருந்து டவுனுக்கும், மாதம் இரண்டு முறை அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்கும் கொண்டுபோகிறோம். போன மாதம் சூடேறி நின்றுவிட்டது. பட்டறையில் டாப் கேஸ்கெட்டும் ஹெட் ஸ்கிம்மிங்கும் (இன்ஜின் தலையைச் சீவி மட்டமாக்குவது) 1,100 வெள்ளி, அதாவது ரிங்கிட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் 450, பின் அப்சோபர் இரண்டும் 350, சைட் சில்லும் (கதவுக்குக் கீழே ஓடும் தகடு) தரையும் வெல்டிங் 1,500, முழு பெயிண்ட் 1,200, ஆக 4,600 வெள்ளி என்கிறார்கள். இதே வீரா 3,500 வெள்ளிக்கே கிடைக்கும், இதை இரும்புக்குப் போடு என்கிறார் மச்சான். என்ன செய்யலாம்?

காரின் சந்தை விலையையும் பழுதுச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் உங்கள் மச்சான். விற்கப் போகிறவர் அப்படிப் பார்க்கலாம். நீங்கள் ஓட்டப் போகிறவர். இந்தப் பணத்துக்கு எத்தனை மாதம் நம்பி ஓட்டலாம் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு. 3,500க்கு வரும் அந்த இன்னொரு வீராவும் ஏறக்குறைய உங்கள் காரின் வயதுதான். அதன் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள், அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெல்ட் 450, அப்சோபர் 350, எதிர்பாராத செலவு ஓர் 1,000 என்று சேர்த்தால் அதுவும் 5,300 ஆகிறது.

உங்கள் தாளுக்கு வருவோம். 1,200 ரிங்கிட் பெயிண்டைத் தாளிலிருந்து இப்போதே நீக்கிவிடுங்கள். அழகுக்கான செலவு அது. காரின் ஆயுளில் ஒரு நாளைக்கூட அது கூட்டாது. அதை எடுத்தால் மிச்சம் 3,400. ஆனால் தாளில் ஒரு குறையும் இருக்கிறது. சூடேறி நின்ற காருக்கு டாப் கேஸ்கெட் போட்டுக் கொடுக்கிறவர் ரேடியேட்டரைப் பற்றியும் தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் ஒரு வரிகூட எழுதவில்லை. கேஸ்கெட் போனது விளைவுதான். அது ஏன் சூடேறியது? வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டிய கார்களில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே செம்மண் கரைத்த மாதிரி துருநீர் நிற்கும். அந்த ரேடியேட்டரின் குழாய்களில் பாதி அடைத்திருக்கும். அதை அப்படியே விட்டு ஹெட்டைப் பூட்டினால் ஆறு மாதத்தில் அதே கேஸ்கெட் மறுபடியும் போகும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், குழாய்கள், கூலண்ட் எல்லாவற்றுக்கும் ஒரு 400 ஒதுக்குங்கள். ஆக 3,800.

இரண்டு வருடம் ஓடினால் மாதத்துக்கு 158 ரிங்கிட். ஒரே வருடத்தில் நின்றால் மாதத்துக்கு 317. மச்சான் சொல்லும் கார் 5,300க்கு இரண்டு வருடம் ஓடினால் மாதத்துக்கு 221. இன்ஜினைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இனி கேட்க வேண்டியது ஒன்றுதான்: காரின் உடம்பு இரண்டு வருடம் தாங்குமா?

அதனால் வேலையின் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான பட்டறைகள் முதலில் இன்ஜினைத் திறக்கும், கடைசியில் வெல்டிங்குக்கு அனுப்பும். நீங்கள் அதைத் தலைகீழாக்குங்கள். கார்ப்பெட்டை முழுக்கக் கழற்றி, சைட் சில்லை வெட்டித் திறந்து பார்த்த பிறகுதான் ஹெட்டில் கை வைக்க வேண்டும். திறந்து பார்த்து வேண்டாம் என்று முடிவானால் உங்களுக்கு நஷ்டம் ஒரு நாள் கூலி. ஹெட்டைச் செய்து முடித்த பிறகு தரை இல்லை என்று தெரிந்தால் நஷ்டம் 1,500க்கு மேல்.

பட்டறைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே அரை மணி நேரத்தில் பெரும்பகுதி தெரிந்துகொள்ளலாம். ஸ்க்ரூடிரைவரின் பிடிப்பக்கத்தால் கதவுக்குக் கீழே ஓடும் சில்லை முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரு சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். புட்டி பூசிய இடமும் உள்ளே துரு செதில் நிறைந்த இடமும் மொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இரும்பு இல்லை. அடுத்து, முன் ஜாக் வைக்கும் இடத்தில் ஜாக்கைப் போட்டுச் சக்கரம் லேசாகத் தரையை விடும் அளவுக்குத் தூக்குங்கள். அந்த நேரத்தில் முன் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். வழக்கம்போல் மூடினால் நல்லது. கதவு பூட்டில் இடித்தாலோ, கதவுக்கும் பின்தூணுக்கும் உள்ள இடைவெளி மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாக மாறினாலோ, அந்தப் பக்கத்துச் சில் பாரம் தாங்கவில்லை. ஜாக் வைத்ததும் தகடு நொறுங்கி உள்ளே போனால் மேற்கொண்டு தூக்க வேண்டாம். ஜாக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் தலையை நுழைக்காதீர்கள்.

சில் என்பது ஒரே தகடு கிடையாது. வெளித் தகடு, உள் தகடு, பல கார்களில் நடுவில் ஒரு வலுத் தகடும் சேர்ந்த பெட்டி. வெளித் தகடு மட்டும் போயிருந்தால் வெட்டி ஒட்டிவிடலாம். 1,500 நியாயமான விலைதான். உள் தகடும் போய், அது தரையோடு சேரும் விளிம்பும் போயிருந்தால் வேலை இரண்டு மடங்காகும். அதற்கு மேல் நான்கு இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: முன் அப்சோபரின் தலை உட்காரும் மேடையின் தையல், லோவர் ஆர்ம் பூட்டும் இடம், பின் அச்சின் கைகள் உடம்போடு பூட்டும் இடம், ஸ்டியரிங் ரேக் உட்காரும் குறுக்குச் சட்டம். சக்கரம் காரோடு சேரும் இடங்கள் இவை. இவற்றில் ஒன்று, ஒரே பக்கத்தில், சிறிய அளவில் போயிருந்தால் கை தேர்ந்த வெல்டர் சரிசெய்வார். இரண்டு இடங்கள் போயிருந்தால் எங்கள் பதில் ஒன்றுதான்: ஒரு சென்கூடச் செலவு செய்ய வேண்டாம். சக்கர அலைன்மென்ட் செய்த ஒரு மாதத்திலேயே கார் மறுபடியும் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், டயர்க் கடையைத் திட்டும் முன் இந்த நான்கு இடங்களையும் பாருங்கள்.

உடம்பு தேறினால் அப்புறம் இன்ஜின். ஹெட்டைக் கழற்றும் முன் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியே பல நாள் ஓட்டியிருந்தால் கிராங்க் பேரிங்குகளும் அடிபட்டிருக்கும். அப்போது கேஸ்கெட்டோடு வேலை முடியாது. நான்கு சிலிண்டர்களுக்கும் கம்ப்ரெஷன் அளக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு இடையில் கேஸ்கெட் போயிருக்கிறது என்று பொருள். அது நல்ல செய்தி. நான்கும் தாழ்ந்திருந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியதும் அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. கழற்றிய ஹெட்டை நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து அளப்பார்கள். 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சீவவே வேண்டியதில்லை. விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யாமல் ஸ்கிம்மிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: கதவுக்குக் கீழே ஒரு கை நீளத்துக்கு ஓட்டை. ஒரு கடையில் ஜிங்க் தகடு வைத்து ரிவெட் அடித்து, புட்டி பூசி, பெயிண்ட் அடித்து 350 வெள்ளி என்கிறார்கள். இன்னொரு கடையில் வெட்டி வெல்டிங் செய்ய 1,500. ஒரே ஓட்டைக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஓட்டை ஒன்றுதான், செய்யும் வேலை வேறு. முதல் கடை ஓட்டையை மூடித் தருகிறது. இரண்டாம் கடை துருவை எடுத்துவிட்டு மூடுகிறது. சில்லின் துரு உள்ளேயிருந்து வெளியே வரும் துரு. நீங்கள் வெளியே ஒரு விரல் அகல ஓட்டையைப் பார்க்கும்போது உள்ளே ஒரு கையகலம் அரித்திருக்கும். அதன் மேல் தகட்டை வைத்து மூடினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் முன்பைவிட வேகமாகத் தின்னும். புட்டிக்கும் ஃபைபருக்கும் பாரம் தாங்கும் பலம் கிடையாது. ரிவெட் அடித்த தகடு பக்கவாட்டில் இடி வாங்கினால் அப்படியே பிரிந்துபோகும்.

1,500 கொடுப்பதாக இருந்தால் வேலை இப்படி நடக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியின் வயர் கழற்றப்பட வேண்டும். ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள கார்களில் அதன் பிளக்கையும் உருவிவிடுவது நல்லது. இருக்கை, கார்ப்பெட், அடியில் ஒட்டியிருக்கும் தார் விரிப்பு எல்லாம் வெளியே வர வேண்டும். உள்ளே கார்ப்பெட் இருக்கும்போதே வெளியே வெல்டிங் வைத்துத் தீப்பிடித்த கார்கள் உண்டு. பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வெல்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சில் முழுவதும் வெட்டப்படுகிறது என்றால் கதவு நிலையில் குறுக்குக் கம்பி ஒன்றைத் தற்காலிகமாகப் பற்ற வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நடுவில் கார் தொய்ந்து, புதுச் சில் அந்தத் தொய்வோடேயே ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் கதவு என்றைக்கும் சரியாக மூடாது.

துரு தெரிகிற இடத்தோடு வெட்டை நிறுத்தக்கூடாது. பளபளக்கும் நல்ல இரும்பு வரும் வரை வெட்ட வேண்டும். ஒட்டும் தகடு வெளிப்பக்கத்துக்கு 1.0 மில்லிமீட்டர், தரைக்கு 1.2 மில்லிமீட்டர் போதும். கூடுதல் பலம் என்று 2 மில்லிமீட்டர் வைப்பவர்கள் உண்டு. மெல்லிய பழைய தகட்டோடு அது சேரும் கோட்டில்தான் பிறகு விரிசல் விடும். ஜிங்க் பூசிய தகடாக இருந்தால் பற்ற வைக்கும் விளிம்பில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வெள்ளைப் புகை வரும். அதை மூச்சில் இழுத்த வெல்டருக்கு ராத்திரி குளிர்ஜுரம்தான்.

மிக் வெல்டிங் (மின்சாரத்தில் கம்பியை உருக்கிப் பற்ற வைப்பது) இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். சின்ன டவுன்களில் இன்னும் கேஸ் வெல்டிங்கில் செய்து கொடுக்கிறார்கள். கேஸ் தீ அகலமாகச் சூடாக்கும், தகடு நெளியும், பின்பக்கத்துப் பெயிண்ட் எல்லாம் எரிந்து புதுத் துருவுக்கு இடம் கொடுக்கும். மிக்கில்கூட ஒரே இழுப்பாக இழுக்கக்கூடாது. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, பிறகு இடைவெளிகளை நிரப்ப வேண்டும்.

பெரும்பாலான வேலைகள் கெடுவது அதற்குப் பிறகுதான். வெல்டிங் கோடு வெளியே தேய்க்கப்பட்டு, எப்பாக்சி பிரைமர், சீம் சீலர், கல்லடி தாங்கும் பூச்சு என்று அழகாக முடிந்திருக்கும். உள்பக்கம்? பற்ற வைத்த சூட்டில் உள்ளேயிருந்த பெயிண்ட் எரிந்து வெற்று இரும்பாக நிற்கும். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, சில்லின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகள் வழியாக நீளக் குழாய் நுழைத்துக் கேவிட்டி வாக்ஸ் அடிக்க வேண்டும். வாக்ஸ் அந்தத் துளைகளில் சொட்டும் வரை அடிப்பது நல்லது. சொட்டு நின்றதும் துளை திறந்திருக்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். அண்டர்கோட் அடிப்பவர்கள் அந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

நீங்கள் கேட்காத ஒன்று: தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் வெல்டிங் செய்யாதீர்கள். முன் பயணி இருக்கையின் கால் பக்கம் கார்ப்பெட் ஈரமாக இருந்தால் ஏர்கண்டிஷன் நீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம். நம் ஊரின் சூட்டுக்கு ஏர்கண்டிஷன் ஓயாமல் ஓடும். நீர் ஓயாமல் வடியும். நல்ல காரில் நிறுத்தின இடத்தில் அடியில் சொட்டு விழ வேண்டும். விழவில்லை என்றால் அது கார்ப்பெட்டுக்கு அடியில் போகிறது. அடுத்துப் பார்க்க வேண்டியவை: கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கிறதா, கண்ணாடி ரப்பர் வெடித்திருக்கிறதா.

கேள்வி: பெயிண்ட் அடித்தால் துரு நிற்குமா?

நிற்காது. துருவை இரும்பு தெரியும் வரை தேய்த்து, குழிகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் போட்டு, காயவிட்டு, எப்பாக்சி பிரைமர் அடித்தால் நிற்கும். அதுவும் மேலோட்டமான துருவுக்குத்தான். கொப்புளம் விட்ட இடத்தைக் குத்தினால் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகிறது என்றால், போன கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இரண்டு ஏக்கர் செம்பனையும் கொஞ்சம் ரப்பரும் இருக்கிறது. உர மூட்டையும் ஒட்டுப்பாலும் பழைய புரோட்டான் சாகாவின் பூட்டில்தான் (காரின் பின்னால் சாமான் வைக்கும் இடம்) ஏற்றுகிறேன். பூட் தரை மூன்று வருடத்தில் சல்லடையாகிவிட்டது. மற்றவர்கள் காரில் இப்படி ஆகவில்லையே?

மற்றவர்கள் உரம் ஏற்றவில்லை. செம்பனைக்குப் போடும் எம்ஓபி, அதாவது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்குப் பங்காளி. குளோரைடு இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தை உடைப்பதோடு காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மழை இல்லாத நாளில்கூட அந்தத் தகடு உலராது. அமோனியம் சல்பேட்டும் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாக அரிக்கும். ரப்பரில் வருவது வேறு சங்கதி. பால் உறைய ஊற்றும் பார்மிக் அமிலம், கோப்பையில் உறைந்த கட்டியிலிருந்து வடியும் நீரில் கலந்திருக்கும். அது ஸ்பேர் டயர்க் குழியில்தான் போய்த் தேங்கும். இரண்டையும் ஒரே பூட்டில் ஏற்றினால் மூன்று வருடம் தாங்கியதே பெரிது.

இப்போது செய்ய வேண்டியது: விரிப்பையும் ஸ்பேர் டயரையும் வெளியே எடுங்கள். குழியின் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பானைக் கழற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, பால்நீர் பட்ட இடமெல்லாம் ஊற்றித் தேய்த்து, பிறகு நிறைய நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உரத்துக்குச் சோடா தேவையில்லை. உப்பு கரைந்து போக வெறும் தண்ணீரே போதும், ஆனால் நிறைய வேண்டும். பூட்டைத் திறந்துவைத்து ஒரு நாள் வெயிலில் காயவிட்ட பிறகுதான் துருவைத் தேய்க்கும் வேலை.

ஸ்பேர் டயர்க் குழி மட்டும் போயிருந்தால் வெட்டி ஒட்டுவது சின்ன வேலை, செய்யலாம். குழியின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டங்களைத் தட்டிப் பாருங்கள். அவை மொத்தென்று ஒலித்தால் பின்னால் இடி வாங்கத் தாங்காது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனிமேல் ஏற்றும்போது கெட்டியான கான்வாஸை நான்கு ஓரமும் ஒரு சாண் உயரத்துக்கு மடித்துத் தொட்டி மாதிரி விரித்து அதற்குள் வையுங்கள். ஒட்டுப்பாலை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் மட்டும் ஏற்றுங்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கட்டி எடுத்துப்போகும் பழைய வழக்கம் காரைப் பொறுத்தவரை நல்ல வழக்கம்தான்.

கேள்வி: பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசினால் துரு பிடிக்காது என்கிறார்கள்...

துரு கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். அதோடு புஷ் ரப்பர்கள் ஊறிப் பருக்கும், பிரேக்கில் வழியும், எக்ஸாஸ்ட் குழாயில் பட்டுப் புகையும், மிச்சம் உங்கள் வீட்டு வாசல் மண்ணில் இறங்கும். அதே வேலைக்கு வாக்ஸ் அல்லது லானொலின் ஸ்பிரே வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் அடித்தால் போதும். அதற்கும் முன்னால் சக்கர வளைவின் உள்விளிம்பில் அப்பியிருக்கும் செம்மண்ணை விரலால் தோண்டி எடுங்கள். தோட்டச் சாலையில் ஓடும் கார்களில் துரு தொடங்குவது அந்த விளிம்பில்தான். அங்கே அப்பிய மண் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

கேள்வி: பிரேக் மிதித்தால் மெதுவாகக் கீழே இறங்குகிறது. பின் சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கசிகிறது என்றார் மெக்கானிக். கசியும் இடத்தை வெட்டி ரப்பர் குழாய் போட்டுக் கிளிப் இறுக்கலாம், 40 வெள்ளிதான் என்கிறார். போதுமா?

அந்த 40 வெள்ளி வேலையைச் செய்ய விடாதீர்கள். குழாயை மாற்றும் வரை காரை எடுக்கவும் வேண்டாம். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது அந்தக் குழாயில் வரும் அழுத்தம் கிளிப் போட்ட சாதாரண ரப்பர் குழாய் தாங்கும் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. சாதாரண மிதியில் அது நிற்கும். மாடு குறுக்கே வரும்போது முழுப் பலத்தோடு மிதிப்பீர்கள், அப்போது பிடுங்கிக்கொண்டு போகும்.

இந்தக் குழாய்கள் பெரும்பாலும் உடம்போடு பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியிலும் பின் அச்சுக்கு மேலேயும்தான் அரிக்கும். மண்ணும் ஈரமும் சேரும் இடம். ஒரு இடம் கசிந்தால் மற்ற இடங்களும் அந்த நிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் ஒரு துண்டு மட்டும் மாற்றாமல் முன்னேயிருந்து பின்வரை முழு நீளமும் மாற்றுங்கள். செம்பு-நிக்கல் கலந்த குழாய் கிடைத்தால் அதைக் கேளுங்கள். துருப்பிடிக்காது, வளைக்கவும் எளிது. முனைகள் இரட்டை ஃப்ளேர் செய்திருக்க வேண்டும். முடிந்ததும் நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்து, காரில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலைப் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் குழாய் உள்ளேயிருந்தும் துருப்பிடிக்கும். வேலை முடிந்து வண்டியை எடுக்கும் முன் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்போதும் இறங்கினால் மாஸ்டர் பம்ப் கப்புகளும் போயிருக்கின்றன.

மற்ற எல்லாம் நன்றாக இருக்கும் காரில் இந்தச் செலவு தயங்காமல் செய்ய வேண்டியது. குழாயோடு சேர்த்து, அதைத் தாங்கும் தரையும் கையோடு வருகிறது என்றால் முதல் கேள்வியின் பதிலுக்குத் திரும்புங்கள்.

கேள்வி: மகள் பாலிடெக்னிக் போக 2003 கஞ்சில் 850 பார்த்தோம். புதுப் பெயிண்ட், அடியில் கறுப்பாக அண்டர்கோட் எல்லாம் அடித்து அருமையாக இருக்கிறது. 4,500 கேட்கிறார். புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தில் பி5 போய்ப் பாஸ் ஆனால் போதும்தானே?

கஞ்சில் செலவு குறைந்த கார். 1,000 சிசிக்குள் என்பதால் சாலை வரியும் வருடத்துக்கு 20 ரிங்கிட்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் எங்களுக்குப் பிடிக்காதது அந்தக் கறுப்பு அண்டர்கோட். விற்கும் முன் புதிதாக அடித்த அண்டர்கோட் எதையோ மூடுகிறது. ஓர் இரும்புப் பிரஷ்ஷால் சில் விளிம்பிலும் பின்கதவுக்கு அடியிலும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

பி5 உரிமை மாற்றத்துக்கான சோதனை. செஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் கிராண்டில் (காரின் பதிவுப் பத்திரம்) உள்ளபடி இருக்கின்றனவா என்று காரின் அடையாளத்தைத்தான் அதில் முக்கியமாகப் பார்ப்பார்கள். கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைத் தட்டிப் பார்க்க மாட்டார்கள். செஸி எண் துருவில் அழிந்திருந்தாலோ அந்த இடத்தில் வெல்டிங் இருந்தாலோ உரிமை மாற்றமே சிக்கலாகும். அதனால் பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள்.

நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. 2009இல் 15 வயதைத் தாண்டிய கார்களுக்கு அதைக் கொண்டுவரப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். பாக்கெட்டுக்கு அது நிம்மதிதான். ஆனால் 20 வருடமாக யாரும் அடியைப் பார்க்காத கார் உங்கள் கைக்கு வரலாம் என்பதும் அதில் அடக்கம். அந்தக் கஞ்சிலை ஹோய்ஸ்ட் உள்ள ஒரு பட்டறையில் தூக்கிப் பார்க்கச் சிறு கூலி கொடுங்கள். முன் இருக்கைகளின் தண்டவாளம் பூட்டியிருக்கும் தரை, சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், இரண்டையும் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். மகள் உட்காரப் போவது அங்கேதான்.

கேள்வி: எங்கள் புரோட்டான் இஸ்வராவைக் கைவிட முடிவு செய்துவிட்டோம். பழைய இரும்பு வாங்குபவர் வீட்டுக்கே வந்து இழுத்துப் போகிறேன், கிராண்டை மட்டும் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?

அப்படிக் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் பதிவு இருக்கும் வரை அந்தக் கார் எங்கே ஓடினாலும் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதன் எண் பலகை வேறு ஏதாவது ஒரு காரில் ஏறினால் சம்மனோடு முடியாது. ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவை ரத்து செய்யுங்கள், அல்லது ரத்து செய்யும் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் அங்கீகாரம் பெற்ற வாகனக் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள். ரத்துக்கான தாள் கையில் வந்த பிறகே விவகாரம் முடிந்தது. பழைய எண்ணை வேறு காருக்கு மாற்றிக்கொள்ள ஆசை இருந்தால் ரத்துக்கு முன்பே ஜேபிஜேயில் கேட்க வேண்டும், பிறகு முடியாது.

இன்ஷூரன்ஸை மறந்துவிடாதீர்கள். பல வருடம் க்ளெய்ம் செய்யாமல் ஓட்டியிருந்தால் உங்கள் என்சிடி, அதாவது க்ளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி, 55 சதவீதம் வரை ஏறியிருக்கும். அது காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். அடுத்து வாங்கும் காருக்கு அதை மாற்றித் தரும்படி இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம் சொல்லுங்கள். மிச்ச மாதங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் பணம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

காரை இழுத்துப் போகும் முன் பேட்டரி, ஸ்போர்ட் ரிம், நல்ல டயர், போன வருடம் மாற்றிய ஆல்டர்னேட்டர் போன்றவற்றைத் தனியாக விலை பேசுங்கள். இரும்புக்காரர் எடைக்குத்தான் விலை போடுவார். அந்தச் சாமான்கள் உள்ளே இருந்தாலும் அதே கிலோ விலைதான். இஸ்வரா சாமான்களுக்கு இன்னும் ஆள் தேடி வருகிறார்கள். பெட்ரோலை இறக்கிவிடுங்கள். டேஷ்போர்டு பெட்டியிலும் இருக்கைக்கு அடியிலும் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்; பழைய அடையாள அட்டை நகலும் வங்கித் தாளும் அங்கேதான் கிடக்கும்.